தளத்தை மூடாத நாள்

அன்புள்ள ஷைலாவுக்கு,

எழுத்தை மட்டும் நம்பினால் வாசகர்கள் போய்விடுவார்கள், குரலிலும் செய்தி சொல்வோம் என்று நீ சொன்னாய். நான் கேட்காமல் சண்டை போட்டேன், நீ விலகிப் போனாய். நீ சொன்னபடியே நடந்தது. இப்போது இணையத்தில் தேடினால் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே நம் செய்தியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. நம் செய்தித் தளத்துக்கு யாரும் வருவதில்லை. போன மாதம் மூடும் அறிவிப்பைக்கூட எழுதிவிட்டேன்.

அதை வெளியிட இருந்த நாள் காலையில் விசைத்தறி வைத்திருக்கும் தெய்வாத்தாள் அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, நாளைக்குக் கரண்ட் இருக்காதுன்னு போன் சொல்லுதுங்க. ஆளுகள வரவேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?"

மின்வாரியத்தில் விசாரித்தேன். கரண்ட் இருக்குமாம். போன வருடம் நாம் போட்ட செய்தியைத்தான் இயந்திரம் புதிதுபோலச் சொல்லியிருக்கிறது. உடனே அதைக் குரல் பதிவாகப் பேசி அக்காவின் போனுக்கு அனுப்பினேன். மாலைக்குள் கருமத்தம்பட்டித் தறிக்காரர்கள் எல்லோரிடமும் அது போய்விட்டது.

"தெனமும் இப்படியே பேசிப்போடுங்க, டீ குடிக்கறப்ப கேட்டுக்கறோமுங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் பேசுகிறேன். முன்னைவிட அதிகம் பேர் கேட்கிறார்கள். சந்தோஷமாகவே இருக்கிறேன். என் குரல்தான் கரகரவென்று இருக்கிறதாம். உன் குரல் அப்படியில்லை.

தளத்தில் ஆசிரியர்கள் என்ற இடத்தில் இன்னும் நம் இருவர் பெயர்களும் இருக்கின்றன. உன் பெயரை எடுக்க மனம் வரவில்லை.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன்.

உன்னோடு சண்டை போட்டவள்