போய்விட்ட கண்டெய்னர்

செவ்வாய் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள்.

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களை அப்பா பட்டறையில் செய்கிறார். ஆப்பிரிக்காவில் உள்ள ஓர் ஊருக்கு அவை போகின்றன. அங்கிருந்து பணம் வராமல் போனால் ஈடுகட்ட அரசு உத்தரவாதம் தரும் அதிகாரி இன்று வீட்டுக்கு வந்தார். டீ கொடுக்கும்போது, "அவங்க பணம் தரலைன்னா என்னங்க சார் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நாங்க தருவோம்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கடலுக்கு அப்பால் யாரோ ஏமாற்றினால், அவிநாசிபாளையத்தில் இருக்கும் எங்களுக்காக ஒரு நாடே வந்து நிற்குமாம்! இன்னும் நம்ப முடியவில்லை.

பிறகு அவர், "சரக்கு இன்னும் கிளம்பலைல்ல? முன்னாடியே அனுப்பியிருந்தா உத்தரவாதம் செல்லாது" என்றார்.

"இல்லீங்க சார், பட்டறையிலதான் இருக்குதுங்க" என்றார் அப்பா.

இயந்திரங்களை ஏற்றிய கண்டெய்னர் போன வாரமே போய்விட்டது. உள்ளூர் சாயப்பட்டறைகளுக்கு அனுப்புவதுபோல, வாங்குபவர் போனில் சரி என்றதுமே அப்பா ஏற்றிவிட்டார். வீட்டை அடமானம் வைத்துத்தான் எல்லாம் செய்தார்.

"நாளைக்கு அவர் சரக்கைப் பாக்க வரும்போது பட்டறையில வேற மெஷினைக் காட்டிக்கலாம். நீ வாயைத் தொறக்காத கண்ணு" என்றார் அப்பா என்னிடம், அதிகாரி போனதும்.

நம்மை அவ்வளவு நம்புகிறவர்களிடம் எப்படிப் பொய் சொல்வது? நாளை அந்த அதிகாரி என்னைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்புறம் இந்த வீடு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.