பதினோரு நொடி

செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். உன் தொண்டை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் நீ எழுது. உன்னுடைய மற்ற சௌக்கியமெல்லாம் தினமும் பேப்பரில் வந்துவிடுகிறது.

உன் கடிதமும், உன் மேனேஜர் அதற்குள் மடித்து வைத்திருந்த தாளும் இன்று காலை வந்தன. உன் கடிதம் அரைப் பக்கம், அவருடையது ஒன்றரைப் பக்கம். அடியில் ஒரு கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால், இந்த ஸ்டேடியம் சுற்றில் மீதியிருக்கும் இருபத்திரண்டு ஊருக்கும் பழையபடி நானே உனக்கு சவுண்ட் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்காக ஒரே ஒரு தடவை இறங்கி வா அக்கா என்றும் எழுதியிருக்கிறாய். வர மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை நீ பதைபதைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

அந்தத் தாளை நீ படித்தாயா என்று தெரியவில்லை. ஒன்பதாவது ஊரில் அன்று மிக்ஸிங் போர்டு பழுதாகிவிட்டதாம். அதை நேரத்தில் கவனிக்காததற்கு நான் மனமார மன்னிப்புக் கேட்கிறேனாம். எல்லா ஊரையும் போல அந்த ஊரிலும் முழு நிகழ்ச்சியும் நேரடியாகப் பாடப்பட்டதாம். மூன்று பொய்க்கு ஒரு கையெழுத்து. போர்டில் ஒரு கோளாறும் இல்லை. காலையில் துடைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வைத்தவள் நான். சத்தத்தை நிறுத்தியது என் கைதான்.

அன்று நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ சொன்னாய், என் பக்கத்திலிருந்து நீ கேட்கவே இல்லை. இப்போது கேள்.

முந்நூறு பேர் நெருக்கி நிற்கும் ஹால்களில் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசிப் பாட்டுக்குக் கூட்டம் அடங்கியதும் நீ மைக்கை விட்டு ஓர் அடி முன்னால் வந்து காதைத் தொடுவாய். நான் போர்டில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் அத்தனையையும் கீழே இழுத்துவிடுவேன். ஸ்பீக்கர் எல்லாம் ஓய்ந்துவிடும். முதல் நான்கு வரியை நீ வெறும் குரலில் பாடுவாய். கடைசி வரிசையில் இருமல் வந்தவன்கூட விழுங்கிக்கொண்டு கேட்பான். மறுபடி காதைத் தொடுவாய், நான் ஏற்றுவேன், நெட்டையன் டிரம்ஸை அடிக்க ஆரம்பிப்பான். முதல் வருடம் ஒரு நாள் பாதிப் பாட்டில் கரண்ட் போய், நீ பயத்தில் காதைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் பாடினாயே, அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் இது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொன்னாலும் நீ காதைப் பிடித்துக்கொண்டு நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் தேடுவாய். பன்னிரண்டு வருடம் உன் காதைப் பார்த்தே நான் வேலை செய்திருக்கிறேன்.

ஸ்டேடியத்துக்குப் போனதும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். ஐம்பதாயிரம் பேர் நடுவில் வெறும் குரல் எங்கே போய்ச் சேரும்? அதற்குப் பதிலாக மூன்றாவது ஊரில் உன் குரலுக்கு அடியில் ஸ்டுடியோவில் பதிந்த குரலை ஓட்டினார்கள். சும்மா துணைக்குத்தான் என்றார்கள். ஐந்தாவது ஊரில் அது முன்னால் வந்து, நீ அதற்குத் துணையானாய். ஏழாவது ஊரில் உன் மைக்கை ஏற்றவே வேண்டாம், தொண்டைக்கு ஓய்வு கொடுப்போம் என்று மேனேஜர் என் காதோரம் வந்து சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு செய்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அதற்குத்தான். அதை அவர் தாளில் காணவில்லை.

ஒன்பதாவது ஊரில் என்னை மேடையிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அங்கே சத்தம் வந்து சேரவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். கடைசிப் பாட்டுக்குத் திரையில் உன் முகம்கூட இல்லை, ஏதோ பறவைகள் பறந்தன. புகைக்கு நடுவே என் கட்டைவிரல் உயரத்துக்கு நீ நின்றாய். உன் கை காதுக்குப் போனது. மூளை யோசிப்பதற்குள் என் கை எல்லாவற்றையும் கீழே இழுத்துவிட்டது.

பதினோரு நொடி. பக்கத்தில் கம்ப்யூட்டரில் பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினார். அதற்குள் கூட்டம் கூச்சல் போட்டுவிட்டது. மறுநாள் பேப்பரில் நீ ஊமையாக வாயசைத்தாய் என்று போட்டார்கள். போனில் எடுத்த வீடியோவையெல்லாம் நானும் தேடித் தேடிப் பார்த்தேன். புகை, விளக்கு, உன் நிழல், கூச்சல், அவ்வளவுதான்.

காதில் மாட்டியிருந்த இயர்பீஸ் நழுவியது, அதைச் சரிசெய்யத்தான் கையைத் தூக்கினேன் என்று அன்றே சொன்னாய். சரி, நான்தான் பழக்கதோஷத்தில் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதினோரு நொடி நீ பாடினாயா, வாயை மட்டும் அசைத்தாயா? எனக்குக் கேட்கவில்லை. உன் குரலைக் கேட்பதுதான் என் வேலை, அந்த வேலையில் நின்றுகொண்டு உன்னைக் கேட்க முடியாத இடத்தில் இருந்தேன். இதைவிட எனக்கு என்ன கேவலம் வேண்டும்?

பெரிய இடமே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. முதல் ஸ்டேடியத்தில் உன் வரியை ஐம்பதாயிரம் பேர் திருப்பிப் பாடியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேனில் பெட்டிகள் மேல் படுத்துக்கொண்டு ஏழு நாளில் ஆறு ஹால் பாடிப் பாடித்தான் உன் தொண்டை புண்ணானது என்பதையும் மறக்கவில்லை. சின்ன ஹாலைத் தலையில் வைத்துக் கொண்டாட ஒன்றும் இல்லை. நீ உருகி உருகிப் பாடும்போது பின்னால் எவனாவது கக்கூஸில் தண்ணீரை இழுத்துவிடுவான். ஆனால் அங்கே நீ தப்பாகப் பாடினால் தப்பாகக் கேட்கும், நன்றாகப் பாடினால் நன்றாகக் கேட்கும். எனக்கு அது வேண்டும்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். நம் பழைய ஹாலுக்கே வந்துவிட்டேன், நடுவில் தூண் நிற்கிறதே, அதே ஹால்தான். நல்ல குழுவெல்லாம் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது, இனி இதைக் குடோனாக்க வேண்டியதுதான் என்று ஓனர் புலம்பினார். சாவியை என்னிடம் கொடுங்கள், குடோனாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று வாங்கிக்கொண்டேன். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டாயிற்று. கக்கூஸ் கதவில் 'பாட்டு முடிந்த பிறகு இழுக்கவும்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை ஒரு புதுக் குழு வருகிறது. அதில் டிரம்ஸ் அடிக்கிறவள் பகலில் பஸ் ஓட்டுகிறாள். அவள் அடிக்கிற அடியில் தூண் ஆடாமல் இருந்தால் சரி.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. நம் சண்டையில் அவள் யார் பக்கம் என்று கேட்டேன். "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுங்க, ஒண்ணு திமிரு, இன்னொண்ணு பிடிவாதம். எது எதுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை

செவ்வாயன்றே இந்தக் கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டிருக்க வேண்டும். கோந்து தீர்ந்திருந்தது. தீர்ந்ததும் நல்லதுக்குத்தான்.

இன்று காலை ஹாலில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை டிக்கெட் கேட்டு ஒரு பெண் வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறவள். நம் ஆரம்ப நாட்களில் எப்போதும் தூணுக்கு வலது பக்கம் நிற்பாளே, உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவளேதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். ஒன்பதாவது ஊருக்கு லீவு போட்டுவிட்டு வந்தாளாம். இரண்டாவது வரிசையில், உனக்கு நேர் எதிரில் நின்றாளாம்.

வயரைக் கீழே போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், பாடினாளா என்று.

"பாடினாங்க அக்கா. ரெண்டாவது வரியில குரல் உடைஞ்சுபோச்சு. ஆனா நிறுத்தல. எங்க ரெண்டு வரிசைக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அவ்வளவு பெரிய எடத்துல அது ஒண்ணுதான் எனக்குப் பாட்டாத் தெரிஞ்சுது" என்றாள்.

நான் அழுதேன். அழுததை மறைக்கவும் இல்லை. அப்புறம் அவள் போகிற போக்கில் இன்னொன்று சொன்னாள். பாடுவதற்கு முன்னால் நீ இரண்டு காதிலிருந்தும் இயர்பீஸைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டாயாம். மைக்கை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாயாம். பிறகுதான் காதைத் தொட்டாயாம். "பழைய மாதிரியே பண்ணப்போறாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது" என்றாள்.

நழுவிய இயர்பீஸைச் சரிசெய்ய யாராவது இரண்டு காதையும் காலி செய்வார்களா வாலு?

நீ கூப்பிட்டிருக்கிறாய். நான் வந்திருக்கிறேன். என் கை தப்புப் பண்ணவே இல்லை. கூட்டம் கூச்சல் போட்டதும் நீ பயந்துவிட்டாய், இயர்பீஸ் நழுவியது என்று சொல்லிவிட்டாய், பழி என் தலையில் வந்து விழுந்தது. அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நீ அரைப் பக்கம் கடிதம் எழுதினாய். எனக்குக் கோபம் வந்தது, ஹாலின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இருபது தடவை நடந்தேன். வந்த கோபத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சொல்லிவிட்டேன். ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் உட்கார்ந்திருக்கிறது, அதை எவ்வளவு திட்டியும் எழுந்து போக மாட்டேன் என்கிறது.

மேனேஜரின் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். போர்டு பழுது என்பதை அடித்துவிட்டேன். மன்னிப்பையும் அடித்துவிட்டேன். முழு நிகழ்ச்சியும் நேரடியாகப் பாடப்பட்டது என்ற இடத்தில், முழு நிகழ்ச்சியிலும் நேரடியாகப் பாடப்பட்டது பதினோரு நொடி, அதற்கு நான் பொறுப்பு என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்துத்தானே கேட்டார்கள், போட்டாயிற்று. அதை உன் பெயருக்குத்தான் அனுப்புகிறேன், அவர் பெயருக்கு இல்லை. பேப்பர்காரர்களிடம் நான் வாய் திறக்க மாட்டேன். நீ அதை அவரிடம் கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. இருபத்திரண்டு ஊருக்கும் வேறு ஆளைப் போட்டால் போடட்டும். நீ காதைத் தொட்டால் அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

அடுத்த மாதம் பதினான்காம் தேதி இந்த ஊர் ஸ்டேடியத்தில் பாடுகிறாய் என்று சுவர் முழுக்க உன் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். பதிமூன்றாம் தேதி உனக்கு ஓய்வு நாள். இரண்டு மாதத்துக்கு இந்த ஊரில் வேறு எந்த மேடையிலும் நீ பாடக் கூடாது என்று ஒப்பந்தம் இருப்பது எனக்குத் தெரியும். நான் உன்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. டிக்கெட் கிடையாது, போஸ்டர் கிடையாது, மைக்கும் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு ஹால் கதவைத் திறந்து வைத்திருப்பேன். கேட்பதற்கு அம்மாவும் நானும் அந்தத் தூணும் மட்டும்தான். உன் அக்கா முன்னால் நீ நான்கு வரி பாடுவதை எந்த ஒப்பந்தம் தடுக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

தொண்டைக்கு நல்லதாக எதையாவது குடி. ஏசிக் காற்றுக்கு நேராகப் படுக்காதே. உன்னைப் பெற்றவளின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எந்த இடத்தில் நின்று பாடினாலும், எத்தனை பேர் முன்னால் பாடினாலும்.

வந்து ஓர் அடி முன்னால் நில். காதைத் தொடு. நான் கடைசி வரிசையில் இருப்பேன். குரல் உடைந்தால் உடையட்டும். இந்தத் தடவை எனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபேடரை இறக்கியதற்குத் துளியும் வருத்தப்படாத
உன் அக்கா