தாழ வைத்த ஜன்னல்

பிப்ரவரி 11

களஞ்சியத்தின் வடக்குச் சுவரில் யாரோ பின்னாளில் பூசிவைத்த சிமெண்டை இன்று கொத்தி எடுத்து முடித்தார்கள். உள்ளே கல் கறுத்து, ஈரமாக இருந்தது. கல் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி, சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறிக் கிடக்கும் என்று இவர் விளக்கினார். "அப்போ சுவருக்கும் புழுங்கும்னு சொல்றீங்க" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை.

தானியமும் வைக்கோலும் அடைந்து கிடந்த இடம். இடிக்க இருந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பிள்ளை பெற்ற அலுப்பு தீராதவர்கள் வந்து ஆற அமர இருக்க ஓர் இடமாக்கித் தருகிறோம் என்று ஊர்க்குழுவிடம் கேட்டு வாங்கியது நாங்கள், கணவன் மனைவி இருவரும். கட்டடம் இவர் பொறுப்பு. பயிற்சிகள் என் பொறுப்பு. நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கின் அந்த ஜன்னலில்லாத அறையிலிருந்து எனக்கு விடுதலை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் உள்ளே வராமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். அலுப்பாக இருக்கும்.

பிப்ரவரி 20

கூரையைத் தாங்கும் பெரிய உத்தரத்தின் ஒரு முனையைக் கரையான் தின்றிருக்கிறது. தூக்கிப்போட்டுவிட்டு இரும்பு வைக்கலாம் என்றார் மேஸ்திரி. இவர் கேட்கவில்லை. உளுத்ததை மட்டும் அறுத்து, வேறொரு பழைய மரத்தில் ஒட்டுப் போட வேண்டுமாம். பகல் முழுக்க அந்த மரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன காபி ஆறிப்போனது.

மார்ச் 2

சொல்லிவிட்டார்.

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். திறப்பு முடிந்ததும் தனியாகப் போய்விடலாம் என்று இருக்கிறாராம். வேலை விஷயமாகவா என்று கேட்டேன் — மடச்சி.

வேறு யாராவது? இல்லையாம். இருந்திருந்தால் தேவலை, திட்டுவதற்காவது ஒருத்தி கிடைத்திருப்பாள். நான் என்ன செய்தேன்?

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்குள்ள வந்தாலே மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு. ரொம்ப வருஷமா."

ரொம்ப வருஷமா. ஊருக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மார்ச் 3

வேலைக்குப் போனோம். ஒரே வண்டியில்.

மார்ச் 15

திறப்பு வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். பேசினது அவர். நான் தலையாட்டினேன். இத்தனை நாள் 'இவர்' என்றுதான் எழுதிவந்தேன். இன்று கை தானாக 'அவர்' என்கிறது.

உத்தரம் ஏறிவிட்டது. ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. உளுத்த மரத்துக்குக் காட்டின பொறுமையை — வேண்டாம். இதை எழுத மாட்டேன்.

ஏப்ரல் 6

இன்று கத்திவிட்டேன். எல்லார் முன்னாலும்.

மேற்குப் பக்கத்துச் சின்ன அறையில்தான் நான் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. நான் குள்ளம். அதனால் வரைபடம் போடும்போதே அந்த ஜன்னலை மட்டும் தாழ வைத்திருந்தார். "உக்காந்தா உனக்கு வெளிய தெரியணும்ல" என்று அப்போது சொன்னார். அதுவும் அந்த 'ரொம்ப வருஷ'த்துக்குள்தானே வருகிறது?

இன்று அளவு டேப்போடு வந்து நிற்கிறார். "இதை வழக்கமான உயரத்துக்கே ஏத்திடட்டுமா? பின்னாடி இங்க யாரு இருப்பாங்கன்னு தெரியாதே."

"நான் எங்க போறேன்? போறது நீங்க."

வெளியே சுத்தியல் சத்தம் நின்றது.

"ஜன்னல் அங்கயேதான் இருக்கும். நானும் இங்கயேதான் இருப்பேன்."

சரி என்றார். அவ்வளவுதான். எப்போதும் அந்த சரி. மேஸ்திரி ஆட்களையெல்லாம் டீ குடிக்க அனுப்பிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தானே சுண்ணாம்பு குழைத்தார். அப்புறம் இன்று முழுக்க யாரும் ஜோக் அடிக்கவில்லை.

ஏப்ரல் 19

அத்தைக்குச் செய்தி போய்விட்டது. மாமியார் என்றால் இந்த மாதிரி நேரத்தில் மகன் பக்கம் பேசுவார்கள் என்று தயாராகத்தான் இருந்தேன். நேராகக் களஞ்சியத்துக்கு வந்து, அறுத்துப்போட்ட பலகைகள் மேல் உட்கார்ந்தார்.

"அவன் என் வயித்துல பொறந்தவன். அவனை விட முடியாது. அதுக்காக உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா? எனக்கு ரெண்டும் முடியலம்மா."

நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோளாறா?

மே 14

திறந்தாயிற்று.

ஊர்க்குழுத் தலைவர் எங்களை வாய் ஓயாமல் புகழ்ந்தார். போட்டோவுக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

பிறகு முதல் வகுப்பு. எல்லாரையும் பாயில் படுக்கச் சொன்னேன். அத்தையும் இருந்தார். கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, மெதுவாக மூச்சை விடுங்கள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், வாசல் தூணில் சாய்ந்தபடி அவர். அவரும் கண்ணை மூடியிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் தோள்கள் இறங்கின, முகம் தளர்ந்தது. எங்கள் வீட்டில் ஒருநாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அப்படியானால் நிஜம்தான். மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் குரல் உடைந்தது. நல்லவேளை, முட்டிவலியால் ஊரே 'முட்டி டீச்சர்' என்று கூப்பிடும் ரிடையர் ஆன டீச்சர் ஒருவர் அதே சமயம் பெரிதாகக் குறட்டை விட்டார். கூடமே சிரித்தது. நானும் சிரிப்பது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மே 15

போய்விட்டார். சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு.

மே 23

அழுதேன். காய்கறிக் கடையில். என்னம்மா ஆச்சு என்று கடைக்காரம்மா கேட்டதற்கு வெங்காயம் என்றேன். கையில் இருந்தது கத்தரிக்காய்.

ஜூன் 17

காலையில் நல்ல மழை. மழைத்தண்ணீர் ஓடுகளில் வழிந்து குழாய் வழியாகத் தொட்டியில் விழுகிற சத்தம், கூடம் முழுக்க. கூரையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

"மழையா?" என்றார்.

"ஆமா."

"மேற்கு மூலை ஒழுகுதா?"

"இல்ல. எங்கயும் ஒழுகல."

"நல்லது."

நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வைக்கிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

திரும்பினால், கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நனைந்து நிற்கிறாள். புதுமுகம். குடையை எங்கே வைப்பது என்று கேட்டாள். வாங்கி வைத்துவிட்டு, குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.