இரைச்சல் நின்ற பிறகு கேட்டது

ஏறாவூர்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் மகள் சப்னாவும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். இங்கே வெயில் கடுமை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆனாலும் குடிக்கக் காணும்.

தினமும் போனில் பேசுகிறவள் ஏன் கடதாசியில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஒரு படத்தை உங்களுக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. நீங்கள் கட்டாருக்குப் போகும்போது அரைகுறையாக விட்டுப்போன அம்ப்ளிபயரை நான் செய்து முடித்துவிட்டேன். “நான் வந்து பாக்கன், நீ தொடாத புள்ள” என்றுதான் சொல்லிவிட்டுப் போனீர்கள். தொட்டுவிட்டேன்.

போகுமுன் நீங்கள் படம் கீறிச் செய்த போர்ட் ஏன் எரிந்துபோனது என்று முதலில் தேடினேன். சேர்க்கிட்டில் பிழையில்லை. அதைப் போர்டில் படுக்க வைத்த விதத்தில்தான் பிழை. பாட்டு உள்ளே வரும் கோடும் ஸ்பீக்கருக்குப் போகும் கோடும் உரசிக்கொண்டு ஓடின. வெளியே போனது திரும்பவும் உள்ளே புகுந்து, காதுக்குக் கேட்காத வேகத்தில் சுற்றிச் சுற்றியே டிரான்சிஸ்டர்களைச் சுட்டுவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்கு இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். நீங்கள் அன்று கோபத்தில் இருந்தீர்கள், நான் சொல்லவில்லை.

கட்டம் போட்ட கடதாசியில் படத்தைப் புதிதாகக் கீறினேன். உள்வரும் பக்கம் ஒரு ஓரம், ஸ்பீக்கர் பக்கம் மறு ஓரம். சூடாகும் டிரான்சிஸ்டர்கள் எல்லாம் அலுமினியத் தகட்டை ஒட்டி ஒரே வரிசையில். மின்னோட்டம் கூடுதலாக ஓடும் இடத்தில் செம்புக் கோட்டை விரல் அகலத்துக்கு விட்டேன். பிறகு வழுவழுப்பான தாளில் பிரிண்ட் எடுத்து, மைக்கோடு இறங்குவதற்காகச் செம்புப் போர்டின் மேல் வைத்து அயன் பண்ணினேன். “உடுப்ப அயன் பண்ணச் சொன்னா இவள் பலகைய அயன் பண்றாள்” என்று உம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

முதல் போர்ட் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி விழுந்தது. எறிந்துவிட்டேன். இரண்டாவது வேலை செய்தது, ஆனால் வண்டு அடைத்துவைத்த போத்தல் மாதிரி ஓயாத இரைச்சல். கெப்பாசிட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன், நிற்கவில்லை. கடைசியில் படத்தையே வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தபோது விளங்கியது. ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் பெரிய மின்னோட்டமும், பாட்டு வரும் சின்ன மின்னோட்டமும் ஒரே எர்த் கோட்டால் திரும்பிக்கொண்டிருந்தன. குளத்து வாய்க்காலைத் திறந்துவிட்டு அதற்குள்ளேயே சிரட்டைத் தண்ணீரைத் தேடினால் கிடைக்குமா? இரண்டுக்கும் வேறு வேறு கோடு போட்டு, கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர்த்தேன். இந்தக் கடிதத்தோடு இருக்கும் படத்தில் அந்த இடத்தைச் சிவப்பால் வட்டம் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும்போது நீங்கள் சொல்லித்தந்தபடி நடுவில் ஒரு பல்ப் போட்டேன். பிழையிருந்தால் அது எரிந்துகொண்டே இருக்கும்; ஒருதரம் மின்னி அடங்கியது. இரைச்சல் இருக்கிறதா என்று ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. இயங்குகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

“வாப்பாட வொய்ஸப் போடுங்க உம்மா” என்றாள் சப்னா. செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பினீர்களே, டியூட்டி முடிந்து ரூமில் படுத்திருக்கிறேன், ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டப்போகிறார்கள் என்று. அதைப் போட்டோம். நீங்கள் எங்கள் அறைக்குள் நின்று பேசுவதுபோல இருந்தது. சப்னா எழும்பி ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

மச்சான், போனில் கேட்டபோது உங்கள் குரல் மட்டும்தான் கேட்டது. இதில் அதற்குப் பின்னால் இருந்ததும் கேட்டது. முதலில் ஒரு பெண்ணின் குரல். ஆண்கள் மட்டும் இருக்கிற ரூமில் பெண் குரல். என் மனம் எங்கு போனது என்பதை எழுதமாட்டேன். திரும்பவும் போட்டேன். அவள் இங்கிலிஷில் ஒரு கட்டில் இலக்கத்தைச் சொல்லி, பிரஷர் பார்த்தாயிற்றா என்று யாரிடமோ கேட்கிறாள். சில்லு வைத்த வண்டி ஒன்று உருண்டு போகிறது. நீங்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அந்த இடங்களில் மூச்சு இழுக்கிறது. யோசித்துப் பேசுகிறீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

உங்கள் ரூமில் இருக்கும் தம்பி பாஹிமுக்குப் போன் எடுத்தேன். “காக்கா டியூட்டில ராத்தா” என்றார். எந்த சைட் என்று கேட்டேன். “சைட்டா…” என்று இழுத்தார். பிறகு, “நீங்க காக்காட்டயே கேளுங்க ராத்தா” என்று வைத்துவிட்டார். நான் உங்களிடம் கேட்கவில்லை. போனில் கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்கவும் மூச்சு வேண்டும். முத்தலிப் நானா லீவு முடிந்து அங்கு திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் செட் விடும் அப்துல் கபூர் மாமா வந்து கேட்டுப் பார்த்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, “அப்ஹாம் வந்தாச்சா, எனக்கிட்ட சொல்லயில்லயே” என்றார், நீங்கள் செய்தது என்று நினைத்து. நான்தான் செய்தேன் என்றதும் இன்னும் ஒரு தரம் போடச் சொன்னார். இதைப்போல தனக்குச் சில வேண்டுமாம். போர்ட் என்னால் முடியும். ஸ்பீக்கருக்குப் பெட்டி அடிப்பதும், சபையில் கொண்டுபோய் வைத்து சத்தத்தைச் சரிக்கட்டுவதும் உங்கள் வேலை. அதில் எனக்குக் கை வராது. பெட்டி அடிக்க நாள் எடுத்தாலும் பரவாயில்லை என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இருந்துகொண்டே செய்யலாம். வீட்டுக்குள் அந்த சைட் தூசும் இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போட வேண்டாம். போட்டிருந்தாலும் டொக்டரின் கடிதத்தைக் காட்டினால் விடுவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இங்கே ஆருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாமான் ஒன்றும் வாங்கவும் வேண்டாம். கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்கு நானே வருவேன். பேக்கை நீங்கள் தூக்க வேண்டாம், நான் தூக்குகிறேன்.

உங்கள் நெஞ்சை அல்லாஹ் இலேசாக்கித் தரட்டும். ஐந்து நேரமும் அதைத்தான் கேட்கிறேன், வேறொன்றும் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.

உங்கள்
றிஸ்லா