வாலுவின் உயரத்துக்கு ஒரு நூல்

அன்புள்ள என்னங்க,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் பெண் வாலு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை உங்களை ஆட்டிப்படைக்கிறாளா?

இங்கே மூன்றாம் வகுப்புக்கு நீளம் அளப்பது நடத்துகிறேன். வீட்டில் ஒருவரை நிற்கவைத்து, அவர் உயரத்துக்கு நூல் வெட்டி வரச் சொன்னேன். மறுநாள் சன்னல் கம்பியில் முப்பது நூல்கள் காற்றில் ஆடின. முப்பது வீட்டு மனிதர்கள் கால் தரையில் படாமல் வகுப்புக்குள் வந்து நிற்பது போலிருந்தது. பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டீச்சர், உங்க நூல் எங்க?" என்றாள் முன்பெஞ்சு வாயாடி.

இந்த ஊர் வேலைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாலுவின் தலை என் இடுப்பில் முட்டியதே, அந்த உயரத்துக்கு ஒன்று வெட்டினேன். வாயாடி அதைத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். தோள்வரைதான் வந்தது.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு டீச்சர்?"

"எட்டு. உன் வயசுதான்."

"அப்ப ஏன் இவ்ளோ குட்டையா இருக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். நான்கு வருடத்தைக் கூட்ட மறந்த கணக்கு டீச்சரை என்ன சொல்வது! போட்டோவில் வளர்ந்துதான் தெரிகிறாள். என் கைதான் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அவளைச் சுவரோடு நிற்கவைத்து ஒரு நூல் வெட்டி அனுப்புங்கள். குதிகாலைத் தூக்கி ஏமாற்றுவாள், விடாதீர்கள். உங்கள் உயரத்துக்கும் ஒன்று.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். தபால் வந்து சேர்வதற்குள் இன்னும் வளர்ந்துவிடுவாள். அவள் நூலை மட்டும் ஒரு விரற்கடை கூடவே விட்டு வெட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி