புதுச்சத்திரத்தில் திரும்பிய சைக்கிள்கள்

சிதம்பரத்தின் சைக்கிள் சக்கரவர்த்தியே, என் அருமை மச்சான் குணா,

கடலூரிலிருந்து உன் மாமா எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அங்கே சாலையெல்லாம் எப்படி? மேடு ஜாஸ்தியா? எதிர்க்காற்று உண்டா? நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மேலுலகத்தில் மசால்வடைக்குத் தட்டுப்பாடு வந்திருக்கும் என்று உன் அக்காளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் ஊர்ச் செய்தி. போன மார்கழியில் ஒரு புயல் அடித்தது பார், நம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மரமெல்லாம் படுத்துக்கொண்டது. என் பாத்திரக்கடைப் பெயர்ப்பலகை பறந்துபோய் இலங்கையில் எவன் கடை வாசலிலோ தொங்குகிறது என்று கேள்வி. புதுச்சத்திரம் டீக்கடைக்குக் கூரை இல்லை, நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். நாம் உட்காரும் பெஞ்சு மட்டும் அசையவில்லை. உன்னையே தாங்கின பெஞ்சைப் புயல் என்ன செய்துவிடும்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், நீ குறுக்கே பேசாதே. குணா என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவனும் நானும் சைக்கிளிலேயே கன்னியாகுமரிக்குப் போவது என்று சுனாமிக்கு அடுத்த வருடம் முடிவெடுத்தோம். அவ்வளவு தூரம் போகப் பயிற்சி வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கடலூரிலிருந்து தெற்கே மிதிப்பேன், அவன் சிதம்பரத்திலிருந்து வடக்கே மிதிப்பான். நடுவழியில் புதுச்சத்திரத்தில் சந்திப்பு. டீ, வடை, ஆலோசனை. பிறகு அவரவர் வீட்டுக்கு.

அந்த ஆலோசனைகள் இருக்கின்றனவே, படை திரட்டிய மன்னர்கள்கூட அப்படி மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் கடையிலிருந்து நான் எடுத்து வைத்த சாமான்களின் பட்டியலைக் கேட்டு நீ வாயிலிருந்த டீயைத் துப்பினாய்.

“குக்கர் எதுக்கு மாமா? நாம சைக்கிள்ல போறோமா, குடி போறோமா?”

“வழியில ஓட்டல் இல்லன்னா? என் மச்சான் பட்டினி கெடக்கிறத நான் பாக்கணுமா?”

“கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டல்தான் மாமா இருக்கு. நடுவுல ரோடு இருக்கான்னுதான் பாக்கணும்.”

சைக்கிள்களுக்கு நாம் செய்த சேவையைக் கோயில் தேருக்குக்கூட யாரும் செய்ததில்லை. மாதம் தவறாமல் ஓவராயில். சக்கரம் கோணவே இல்லாதபோதும் கோட்டம் எடுப்பது. “இன்னும் தொடச்சா பெயிண்ட் போயிடும் சார், எங்கனா ஓட்டிட்டு வாங்க” என்று சைக்கிள் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் கிளம்புவதற்கு ஏதாவது ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. ஒரு வருடம் மழை. ஒரு வருடம் உன் மகள் மலருக்குப் பத்தாம் வகுப்பு. அப்புறம் என் முழங்கால். அப்புறம் கியர் சைக்கிள் வாங்கலாமா வேண்டாமா என்ற மகா விவாதம், அதிலேயே ஒரு கோடை முழுசாகக் கரைந்தது. நமக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டோம், இல்லையா?

கடைசியில் ஒரு தை மாதம் நாள் குறித்தே விட்டோம். பார்த்தால், அன்றைக்கு உனக்கு லீவு இல்லை. நல்ல நேரம் வீணாகக் கூடாதென்று உன் மனைவி செல்வி பரஸ்தானம் வைக்கச் சொன்னாள். ஆள் கிளம்ப முடியாவிட்டால், அந்த நேரத்துக்கு அவன் மூட்டையையாவது போகிற திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் ஆள் போய் மூட்டையைச் சேர்ந்துகொள்ளலாம். தெற்கே வல்லம்படுகையில் இருக்கும் உன் சிநேகிதர் வீட்டில் பையை வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டாய். “மாமா, என் பை கெளம்பிடுச்சி. நீங்கதான் இன்னும் கடலூர்லயே கெடக்கறீங்க.”

மறுநாள் காலை ஆபீஸ் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் பஸ்ஸில் வந்தேன். புதுச்சத்திரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

சரி, இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் மகள். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள், உன்னைப் போலவே பிடிவாதம். போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உன் சைக்கிள் பளபளவென்று நிற்கிறது, இரண்டு டயரும் புதுசு.

“லீவு விட்டதும் கன்னியாகுமரி போறேன் மாமா.”

செல்வி உள்ளேயிருந்து கத்தினாள். “கேட்டீங்களாண்ணா இவ பேசறத? ஒத்தப் பொட்டப் புள்ள, லாரி போற ரோட்டுல! நீங்களும் அவரும் அஞ்சாறு வருஷமா கெளம்பிக்கிட்டே இருந்தீங்களே, அது போதாதா இந்த வீட்டுக்கு? நீங்களே சொல்லுங்க அவளுக்கு. நீங்க வேணாம்னா கேப்பா.”

தீர்ப்பு என் கையில் வந்துவிட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “அதுக்கு மொதல்ல பாரு மலரு, ஒரு நல்ல கியர் சைக்கிளா…”

“மாமா! திரும்பவும் ஆரம்பிக்காதீங்க.”

அவள் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “அப்பா எப்பிடி ஓட்டுவாரு மாமா? ஸ்பீடா போவாரா, மெதுவாவா? நீங்கதானே கூட ஓட்டுனவரு.”

அண்டப் புளுகு ஆகாயப் புளுகு எல்லாம் அனாயாசமாக வரும் எனக்கு. அந்தக் கேள்விக்கு ஒன்றுகூட வரவில்லை குணா. ஏனென்றால் எனக்குத் தெரியாது. அத்தனை வருடப் பயிற்சியில் நாம் இருவரும் ஒரே திசையில் ஒரு பர்லாங்குகூட ஓட்டியதில்லை. பாதி நாள் நான் வருவதற்குள் நீ பெஞ்சில் உட்கார்ந்து வடையோடு இருப்பாய். டீ குடித்ததும் நீ தெற்கே திரும்புவாய், நான் வடக்கே திரும்புவேன். ஒருநாளாவது உன்னோடு தெற்கே முட்லூர் வரைக்கும் வந்து திரும்பியிருக்கலாம். அதுவும் பயிற்சிதானே? ஏன் தோன்றவில்லை? நம் இருவரில் ஒருவருக்குமா தோன்றவில்லை? கன்னியாகுமரி வரைக்கும் சேர்ந்து போகத்தானே போகிறோம் என்ற தைரியம்.

“தெரியலம்மா” என்றேன். “நான் ஒங்கப்பன் கூட ஓட்டுனதே இல்ல.”

மலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். செல்வி கதவோரம் வந்து நின்றாள்.

“எனக்கும் தெரியாதுண்ணா. நான் கேரியர்ல உக்காந்து போனவ. எனக்கு அவரு முதுகுதான் தெரியும்.”

பிறகு செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி என்னிடம் சொன்னாள். “அனுப்பறேன். ஆனா நீங்க கூடப் போவணும். பஸ்ஸுல இல்ல.”

உன் அக்காளிடம் வந்து சொன்னேன். என் முழங்காலைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், “குணா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ இருந்திருந்தால் நான் இன்னும் குக்கரைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருப்பேன்?

சித்திரை பிறந்ததும் கிளம்புகிறோம். எதுவும் சரியாக இல்லை. மலரின் பிரேக் கிறீச்சிடுகிறது, என் முழங்கால் அதைவிடப் பலமாகக் கிறீச்சிடுகிறது. சிதம்பரத்துக்கு அடுத்த கொள்ளிடம் பாலத்தையாவது தாண்டுவேனா என்றே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வருவேன். எந்தக் காலை ஊன்றி ஏறுகிறாள், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறாளா, லாரி ஆரன் அடித்தால் ஒதுங்குகிறாளா முறைக்கிறாளா, எதிர்க்காற்றில் என்ன முணுமுணுக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வேன். உன் பெண் எப்படி ஓட்டுவாள் என்று நாளைக்கு யார் கேட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

உன் அக்காளைக் கட்டிய பாவி,
உனக்கும் உன் மகளுக்கும் மாமா.