ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லை

மாண்ட்ரியல்,
மே 1973

அன்புள்ள அத்தானுக்கு,

வசுமதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. அத்தையின் காரியங்கள் குறைவில்லாமல் நடந்தன என்று படித்ததில் மனம் கொஞ்சம் ஆறியது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே நம் டொலார்ட் பேட்டையில் பனி கரைந்தும் வாசலெல்லாம் இன்னும் சேறு. உங்கள் ஆபீசிலிருந்து ஜெயசங்கர் போன் செய்தார். அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையை நாற்காலியில் வைத்து போன் உள்ள டாக்டர் வீட்டுக்குத் தூக்கிப்போய், இரண்டு முறை போன் போட்டும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாண்ட்ரியல் லைன் கெட்டிருக்கும், அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், நீ வருத்தப்படாதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. லைன் கெடவில்லை அத்தான். நான் வீட்டில் இல்லை.

உங்கள் தந்தி வெள்ளிக்கிழமையே கிடைத்தது. ஞாயிறு காலை கூப்பிடுகிறேன், அம்மா உன்னிடம் பேச வேண்டுமாம் என்று தெளிவாகத்தான் இருந்தது. நாம் புறப்பட்ட அன்று மீனம்பாக்கத்தில் எல்லார் முன்னாலும் அத்தை, "போற இடத்துலயாவது ஒரு புள்ளையப் பெத்துக்க. வெறுங்கையோட வந்து நிக்காதே" என்றார்கள். அதையே மறுபடியும் கேட்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுத் தெரேஸ் மீன்பிடிக்க வரச்சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள்! சீசன் திறந்த முதல் ஞாயிறு அது. நானே போய், வருகிறேன் என்றேன். இன்றைக்கு உனக்கு வேலை ஒன்றும் இல்லையே என்று காரில் கேட்டாள். இல்லை என்றேன்.

லவால் ஊரைத் தாண்டி வடக்கே வெகுதூரம். ஆற்றோரம் நிழலில் இன்னும் பனி கிடந்தது. அவள் புருஷனுடைய ரப்பர் பூட்ஸ் எனக்கு இடுப்பு வரை வந்தது. தண்ணீரில் இறங்கியதும் கால் மரத்துப்போயிற்று. புழு கோப்பதில்லை, இறகையும் நூலையும் கொக்கியில் கட்டி ஈ மாதிரி செய்திருக்கிறார்கள். நீளக் கயிற்றைத் தலைக்கு மேல் வீசி அதைத் தண்ணீர்மேல் மெல்ல விழவைக்க வேண்டும். நான் வீசியதெல்லாம் மரத்தில் மாட்டியது. "கையை உதறாதே, கயிறு பின்னால் நீளட்டும், அப்புறம் முன்னால் விடு" என்று தெரேஸ் தன் பாதி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு ட்ரவுட் மீன் கவ்வியது. கம்பு வளைந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிவப்புப் புள்ளிகளோடு கையில் துடித்ததை உடனே ஆற்றில் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இங்கே வீட்டில் போன் மணி அடித்திருக்கும். எனக்கு அது ஞாபகம்கூட வரவில்லை. பயந்து ஓடிப்போனதை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். அங்கே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அதை எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை, அத்தை போய்விட்டார்கள் என்று உங்கள் இரண்டாவது தந்தி வந்தது. அதிலிருந்து தெரேஸ் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அத்தை என்னிடம் என்ன சொல்ல வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருந்தால் மறைக்காதீர்கள். திட்டத்தான் என்றால் அடுத்த கடிதத்திலேயே எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நல்ல வார்த்தையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டாம். அதை நான் தனியாகப் படிக்க முடியாது. நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்கள்
வசுமதி